அந்தோனியாரின் காலும் றமணனின் சாவியும்

ரெய்னர்ஸ் லேனில் மேரிறோஸ் அன்ரியின் ரோல்ஸ் சாப்பிடாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, இன்னும் பல் முளைக்காதவர்கள். மற்றது, அவரோடு கோபம் போட்டவர்கள். இரண்டாவது வகையில் ஆட்கள் குறைவு. அவரைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது கோயில் பங்குச் சனத்துக்கே தெரியும். கோயில் வாசலில் அவருடைய வானை மறித்துக் காரை நிறுத்திய ஒரு மனிதர், மகளின் முதல்நன்மை விருந்துக்கு வாங்கிய மீன் பற்றிஸ் அத்தனைக்குள்ளும் வெறும் உருளைக்கிழங்கு இருப்பதைக் கண்டார். மீன் எங்கே என்று கேட்டதற்கு, "அது கார் விட இடம் தேடித் திரியுது" என்றார் அன்ரி.

ஆனால் இதெல்லாம் கை துருப்பிடிக்காமல் இருக்கச் செய்வது. அவருடைய உண்மையான கோபம் லண்டனின் மேற்கு ஓரத்தில், கோல்ன் ஆற்றின் ஒரு சின்ன அணையில், கம்பி வேலிக்குப் பின்னால் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருந்தது.

அந்தக் கோபத்துக்கு முன்னால் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மேரிறோசும் புருசன் எட்வேட்டும் மன்னாரிலிருந்து பாரிசுக்குப் போய், அங்கே சரிவராமல் லண்டனுக்கு வந்த முதல் கோடை. பழைய மில்லுக்குப் பக்கத்தில் பாயை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆறு வயது மகள் பெனிற்றா அணைக்குக் கீழே தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். எட்வேட் மீன்பிடிக்காரனின் மகன். அப்பன், பாட்டன் எல்லாரும் கடலில் கிடந்தவர்கள். ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது. தெரிந்ததைச் செய்தார்: "அந்தோனியாரே!" என்று கத்தினார். பிள்ளையின் சட்டை ஒரு மரவேரில் கொளுவி நின்றது. எடுத்துவிட்டார்கள்.

அன்றே எட்வேட் நேர்த்தி வைத்தார். ஒவ்வொரு வருசமும் யூன் மாதத் திருநாளுக்கு அந்தோனியாரின் சுருவத்தை நாலு கொம்பு வைத்த கூட்டில் ஏற்றித் தோளில் காவிக்கொண்டு வந்து, அதே இடத்தில் அவருடைய கால்களைத் தண்ணீரில் நனைப்பது. சொன்னபடியே செய்தார். பங்குச் சனமும் பின்னால் பாடிக்கொண்டு வந்தது. வருசா வருசம் நனைந்து நனைந்து பெயின்ற் கழன்று, அந்தோனியாரின் உடம்பெல்லாம் ஒரு நிறமாகவும் கால்கள் மட்டும் வெள்ளைக்காரனாகவும் ஆகிவிட்டன.

பிறகு அந்த அணைக்கு ஒரு கொம்பனி வந்தது. மில்வாட்டர் எனர்ஜி என்று பெயர். இறைச்சி அரைக்கிற மெசினுக்குள் இருக்கும் திருகாணியைப் போல, ஆனால் பஸ் நீளத்தில் ஒன்றைப் பூட்டி, தண்ணீரால் அதைச் சுற்றி மின்சாரம் எடுக்கப் பன்னிரண்டு வருச லைசென்ஸ் வாங்கியது. கரைக்கு வேலி போட்டது. அந்த யூனில் எட்வேட்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. சக்கர நாற்காலியில் வந்தார். கூட்டில் அவர் வழமையாகப் பிடிக்கும் வலது முன்கொம்பை வேறொருவர் பிடித்தார். வேலிக்கு உள்ளே மஞ்சள் ஜாக்கெற் போட்ட ஓர் இளம் பொறியியலாளன் நின்றான். நெஞ்சில் றமணன் என்று பெயர்.

"தம்பி, அஞ்சு நிமிசம். காலை நனைச்சிட்டுப் போயிடுவம்" என்றார் எட்வேட்.

அவன் இங்கிலீசில் பதில் சொன்னான். மன்னிக்க வேண்டும் சேர், ஹெல்த் அன்ட் சேஃப்ரி, தயவுசெய்து பின்னால் நில்லுங்கள். தமிழ் தெரியாத பிள்ளையாக்கும் என்று சனம் நினைத்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. "ஓம் அம்மா... எனக்குச் சோறு போடாதேங்கோ, வெளியில சாப்பிடுறன்" என்றான் தங்கத் தமிழில்.

எட்வேட் சிரித்துவிட்டார். மேரிறோஸ் சிரிக்கவில்லை. கால் நனையாமலே சுருவம் வீட்டுக்கு வந்தது. குளிர் தொடங்குவதற்கு முன் எட்வேட் கண்ணை மூடிவிட்டார். நேர்த்தி மேரிறோசின் தலையில் இறங்கியது.

பூசாத கால்களோடு அந்தோனியார் ரீவிக்குப் பக்கத்தில் நின்றார். "காலுக்கு மட்டும் ஒரு பூச்சு அடிப்பமா அம்மா?" என்று பெனிற்றா கேட்டால், "அந்த மஞ்சள் ஜாக்கெற்காரன் மறந்தாலும் நான் மறக்கக்கூடாது" என்பதுதான் பதில். ஒவ்வொரு யூனிலும் மேரிறோஸ் தனியாகப் போய், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து, அந்த வேலியில் ஒரு பொட்டலம் கருவாடு கட்டிவிட்டு வந்தார். கொம்பனி அதை இறந்துபோன நீர்நாய் என்று நினைத்து ஒருமுறை விலங்கு வைத்தியரையே கூப்பிட்டதாம். அந்தச் செய்தி அவரை ஒரு மாதம் உற்சாகமாக வைத்திருந்தது.

போன வருசம் கருவாடு கட்டப் போனபோதுதான் வேலியில் அந்த அறிவித்தலைக் கண்டார். லைசென்ஸ் முடியப்போகிறது. புதுப்பிக்கக் கேட்டிருக்கிறார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்.

"வந்தியா மகனே" என்றார் மேரிறோஸ் வேலியைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு பூசை முடிய வாசலில் மேசை போட்டார். இந்த அணைக்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடாது என்று ஒரு மகஜர். ஒரே வாசகம், கட்டுக்கட்டாகப் போட்டோக்கொப்பி. சனம் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தது. மன்னாரில் றோட்டுக் கேட்டதும் தண்ணீர் கேட்டதும் இப்படித்தானே. லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. பெனிற்றா வாசித்தாள்.

"அம்மா, ஒரே எழுத்தில எத்தினை பேர் கையெழுத்து வைச்சாலும் அது ஒரு கருத்துத்தானாம்."

"ஊரில கந்தோருக்கு இப்பிடித்தானேடி குடுத்தனாங்கள்?"

"அங்க மட்டும் என்ன நடந்தது?"

மேரிறோஸ் யோசித்துப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை.

சரி, ஒவ்வொருவரும் தன் தன் வாயால் சொல்லட்டும் என்று வீடு வீடாகப் போனார். வீரம் எல்லாம் போட்டோக்கொப்பியோடு முடிந்திருந்தது. "விலாசம் எழுதவேணுமோ? மேல் அறையில ஒரு பொடியன் வாடகைக்கு இருக்கிறதை நான் கவுன்சிலுக்குச் சொல்லேல்லை" என்றார் பஸ்தியாம்பிள்ளை. லைசென்ஸ் பற்றி நடக்கவிருந்த பொதுக்கூட்டத்துக்கு வருவதாக மட்டும் எல்லாரும் சொன்னார்கள். ரோல்ஸ் இருக்குமா என்றும் கேட்டார்கள்.

இருக்கும். ஏனென்றால் கூட்டத்துக்கு இரண்டு நாளுக்கு முன் மேரிறோசின் போன் அடித்தது.

"அன்ரி, நான் றமணன், மில்வாட்டர் எனர்ஜியில மனேஜர். எங்கட ஒரு மீற்றிங்குக்கு ரோல்ஸ் வேணும். ஹரோவில எல்லாரும் உங்களைத்தான் சொல்லினம்."

மேரிறோஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அவனுக்கு அவரைத் தெரியவில்லை. மறந்தேவிட்டான்.

"ஓம் தம்பி. உறைப்பு எப்பிடி?"

"வெள்ளையள் வருவினம், குறைவாப் போடுங்கோ."

"உங்களுக்குத் தனியாச் செய்யிறன்" என்றார் தேன் ஒழுக.

செய்தார். உள்ளதுக்குள் உறைப்பான கொச்சிக்காயைக் கையுறை போட்டுத்தான் அரைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டும் பெனிற்றா மாடிக்கு ஓடினாள். "அம்மா, இது கொலை முயற்சி!"

"இல்லை. இது பொதுமக்கள் கருத்து."

மில்லுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருந்தார். இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்ல வேண்டியவர் அவர். றமணனுக்கு நெற்றி ஏறி, வயிறும் கொஞ்சம் வைத்திருந்தது. மேரிறோஸ் சின்னத் தட்டை அவனிடம் நீட்டிவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அவன் கடித்தான். கண் சிவந்தது. மூக்கு ஒழுகியது. நெற்றி வேர்த்தது. மேரிறோஸ் பன்னிரண்டு வருசமாகக் காத்திருந்த காட்சி. பிறகு அவன் இன்னொன்றை எடுத்தான்.

"அன்ரி, சத்தியமாச் சொல்லுறன்" என்றான் மூக்கை உறிஞ்சியபடி. "அம்மா போனபிறகு இப்பிடி உறைப்பு நான் சாப்பிடேல்லை. வீட்டில ஆருக்கும் ஏலாது."

மூன்றாவதையும் எடுத்தான். இப்படி ஒரு அநியாயம் உலகத்தில் எந்தப் பழிக்காவது நடந்திருக்குமா? மேரிறோஸ் தட்டைப் பறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கூட்டம் தொடங்கியது. மீனைப் பற்றி ஒரு கிழவர் பேசினார். சத்தத்தைப் பற்றி ஒரு பெண் பேசினார். பங்குச் சனம் மென்றுகொண்டிருந்தது. வேறு யாராவது என்று அந்த அலுவலகப் பெண் கேட்டபோது மேரிறோஸ் எழுந்தார். கவுன்சிலோடு சண்டை பிடிக்க அவருக்கு இங்கிலீசு தாராளமாகப் போதும். ஆனாலும் தமிழில் பேசப்போகிறேன் என்றார். மொழிபெயர்க்கப் பெனிற்றா எழும்பினாள்.

"நீ இரு. இந்தத் தம்பி சொல்லட்டும். இவருக்கு நல்ல தமிழ் தெரியும்."

அலுவலகப் பெண் சம்மதமா என்று பார்த்தார். றமணனுக்கு வேறு வழி இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். பிள்ளை விழுந்ததையும் வேரில் கொளுவியதையும் நேர்த்தியையும் அவர் சொல்ல, அவன் நன்றாகவே சொன்னான். பிறகு வேலி வந்தது.

"என்ர மனிசன் சக்கர நாற்காலியில இருந்து, அஞ்சு நிமிசம் விடச் சொல்லிக் கெஞ்சினவர்."

அவனுடைய முகம் மாறியது. இப்போதுதான் ஆளைப் பிடித்தான். கணவர் அனுமதி கோரியிருந்தார் என்று இங்கிலீசில் மெதுவாகச் சொன்னான்.

"கோரேல்லைத் தம்பி, கெஞ்சினவர். முழுக்கச் சொல்லு. ஆரிட்டைக் கெஞ்சினவர் எண்டதையும் சொல்லு."

மண்டபத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது. "என்னிடம்" என்றான் றமணன்.

"நீ அவருக்கு இங்கிலீசில ஹெல்த் அன்ட் சேஃப்ரி படிப்பிச்சனி. பிறகு உனக்கு ஒரு போன் கோல் வந்தது. அதில என்ன கதைச்சனி?"

"ஞாபகம் இல்லை அன்ரி."

"எனக்கு இருக்கு. 'ஓம் அம்மா, எனக்குச் சோறு போடாதேங்கோ, வெளியில சாப்பிடுறன்.' சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். "அம்மா" என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தான். இந்த முறை கொச்சிக்காய் இல்லை. மேரிறோஸ் அதைக் கண்டார். கண்டும் விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவன் கடைசிச் சொல்வரை இங்கிலீசில் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.

"அந்த வருசமே என்ர மனிசன் செத்துப்போனார். கால் நனையேல்லை. அதையும் சொல்லு."

சொன்னான். அந்த அலுவலகப் பெண் பேனையை மூடிவைத்துவிட்டு, அப்படியானால் உங்கள் கோரிக்கை லைசென்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்பதா என்று கேட்டார்.

அதைத்தான் மேரிறோஸ் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கிழமையாகச் சொல்லிப் பழகியிருந்தார். இப்போது பக்கத்தில் நின்ற றமணனைப் பார்த்தார். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இல்லை. குடுங்கோ. ஆனா ஒவ்வொரு வருசமும் அந்தோனியார் திருநாள் ஞாயிறு மெசினை நிப்பாட்டவேணும். கேற்றைத் திறக்கவேணும். வேற ஆரையும் அனுப்பேலாது. சாவியோட இவரே வந்து நிக்கவேணும்."

வானில் ஏறியதும் பெனிற்றா கத்தினாள். "இவ்வளவு பாடுபட்டு, குடுங்கோ எண்டு சொல்லிட்டு வாறீங்களே!"

"லைசென்ஸை மறுத்தால் அவன் வேற வேலைக்குப் போயிடுவான். நாளைக்கே மறந்திடுவான். பிறகு நான் ஆரைப் பழிவாங்கிறது? இப்ப பார், லைசென்ஸ் இருக்குமட்டும் ஒரு யூன் ஞாயிறும் அவனுக்கு நித்திரை இல்லை."

கேட்டதெல்லாம் நிபந்தனையாகப் புது லைசென்ஸில் ஏறியது.

இந்த யூனில் திருகாணி நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் ஆற்றுக்கு வேறு முகம் வந்திருந்தது. றமணன் மஞ்சள் ஜாக்கெற்றோடு கேற்றைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினான். கூட்டின் வலது முன்கொம்பைப் பிடிக்கப் பஸ்தியாம்பிள்ளை ஓடி வந்தார். மேரிறோஸ் அவரைத் தள்ளிவிட்டார்.

"நீ பிடி தம்பி."

"அன்ரி, நாங்கள் சைவசமயம்."

"அந்தோனியார் கேட்டவரோ?"

"இல்லை, இன்சூரன்ஸ்..."

"ஹெல்த் அன்ட் சேஃப்ரியோ?"

அவன் ஜாக்கெற்றைக் கழற்றி வேலியில் போட்டான். கருவாடு தொங்கிய அதே இடம். சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால்வரை நனைந்தது. மற்ற முன்கொம்பில் பெனிற்றா. கூடு சரிந்தது. வெள்ளைக்காரக் கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் போயின. மேரிறோஸ் பாட்டில் சேரவில்லை. "எட்வேட், பாத்தீங்களா, கொம்பு பிடிக்க ஆள் கொண்டந்திருக்கிறன்" என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, "நேராப் பிடி! சோறு சாப்பிடாமலோ வந்தனி?" என்று அதட்டினார்.

போகும்போது றமணனின் கையில் ஒரு ரோல்ஸ் பை வைத்தார். அவன் ஆசையாக ஒன்றை எடுத்துக் கடித்தான். முகம் விழுந்தது.

"உறைப்பே இல்லை அன்ரி."

"வெள்ளையளுக்குச் செய்தது. உனக்கு இது காணும்."

பையின் அடியில், கடதாசி சுற்றி, இரண்டு கொச்சிக்காய் ரோல்ஸ் இருந்தன. அதைச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மேலே இருப்பதையெல்லாம் முதலில் தின்று தீர்க்கட்டும்.