மூன்று ஊர்க் கொடையும் ஒரு பவர் பத்திரமும்

என் கணவர் மூன்று டிரெய்லர்களுக்குச் சொந்தக்காரர். கண்டெய்னர் ஏற்றித் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். அவருடைய வலது மணிக்கட்டை முறித்தது ஒரு நண்டு. சமைக்க வாங்கிய நண்டு பையிலிருந்து தப்பிக் குளியலறைக்குள் ஓட, துரத்திப் போனவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். கேட்டவர்களிடம் எல்லாம் டிரெய்லரிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

மாவுக்கட்டு போட்ட கையால் கையெழுத்துப் போட முடியாது. பெர்மிட், இன்சூரன்ஸ், கம்பெனி ஒப்பந்தம் என்று எல்லாம் நின்றது. "இடது பெருவிரலை வையுங்களேன்" என்றேன். வந்ததே கோபம்.

"ஏளா, எம்.காம். படிச்சவன்லா நான்? கைநாட்டு வைக்கச் சொல்லுதியே!"

அந்த அவமானத்துக்குப் பயந்துதான், தமக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட எனக்குப் பவர் எழுதித் தர முடிவு செய்தார். பதிவு அலுவலகத்தில் முதல் வேலையாக அவருடைய இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டினார்கள். வீடு வரும்வரை அவர் அந்த விரலைக் கைக்குட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது.

பவர் கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். "உரிமையாளருக்காக, பவர் ஏஜென்ட்" என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கினேன். பால்காரரின் அட்டையில்கூடக் குத்தினேன். டிரைவர்கள் விடுப்புக் கேட்டால் எழுதிக் கொடுத்து முத்திரை வைத்தேன். அதுவரை அவர்களுக்கு யாரும் எழுத்தில் விடுப்புத் தந்ததில்லை. சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்கள்.

சித்திரையில் மூன்று டிரைவர்களும் தனித்தனியாக வந்தார்கள். "மதினி, எங்க ஊரு கோயில் கொடை, ஒரு நா லீவு வேணும்." ஒருவருக்கு ஓட்டப்பிடாரம், ஒருவருக்கு விளாத்திகுளம், இன்னொருவருக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். மூன்று பேருக்கும் கொடுத்தேன். என்றைக்கு என்று கேட்கவேயில்லை. நான் வேதக்கார வீட்டில், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்கு ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு தேதி. ஊருக்கு ஊர் திருவிழா மாறி மாறித்தான் வரும். கொடையும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் மூன்று ஊரிலும் ஒரே செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய் காலையில் யார்டில் மூன்று வண்டிகளும் கண்டெய்னரோடு நின்றன. டிரைவர் ஒருவரும் இல்லை. மாலை ஆறு மணிக்குள் துறைமுகக் கேட்டைத் தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும். ஏற்கெனவே ஒரு கப்பலைத் தவறவிட்டிருந்தோம். இன்னொரு முறை நடந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு கம்பெனிதான்.

போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கணவரிடம் போய் நின்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பவர் உன்கிட்டலா இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்படியே ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டப்பிடாரத்துக்கு விட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மாவுக்கட்டு என் முதுகில் இடித்தது.

கோயிலில் எங்கள் டிரைவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சல்லடமும் சலங்கையுமாக நடுவில் ஆடிக்கொண்டிருந்தவரே அவர்தான். எனக்குத் தெரியாது, அவர்தான் அந்தக் கோயில் சாமியாடி. என் முகத்தில் என்ன கவலையைக் கண்டார்களோ, குறி கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று பெண்கள் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"என்ன வேணும் மகளே, கேளு!"

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். ஆனாலும் வாய் தானாகத் திறந்தது. "சாமி, மூணு கண்டெய்னர் ஆறு மணிக்குள்ள கேட்டுக்குள்ள போவணும்."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சாமி ஒரு நொடி யோசித்தது. "போவும்!" என்று அலறி என் நெற்றி நிறையத் திருநீறு பூசியது.

சற்று நேரத்தில் மதியக் கொடை முடிந்தது. சாமி இறங்கி, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு டிரைவராக வந்தார். "மதினி, எப்ப வந்திய?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? மதியக் கொடை முடிஞ்சா ராத்திரி சாமக்கொடை வரைக்கும் எங்களுக்கு என்ன சோலி? வருசா வருசம் நடுவுல வந்து ஒரு நடை அடிச்சிட்டுத்தான போறோம். அண்ணாச்சிக்குத் தெரியுமே?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தம் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீ கேக்கல. ஒரு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாளா?"

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் உண்மையில் நான் கேட்கவில்லை. சாம்பாருக்கு உப்புப் போதுமா என்றுகூட அந்த மாதம் கேட்டதாக நினைவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

மற்ற இரண்டு டிரைவர்களுக்கும் கணவரே இடது கையால் போன் போட்டார். அவர் அழைத்ததும் எடுத்தார்கள். மூவரும் பைக்கில் யார்டுக்கு வந்து சேர்ந்தார்கள், ஒருவர் வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர். ஐந்தரைக்கு மூன்றாவது வண்டியும் கேட்டைத் தாண்டியது. நாங்கள் வெளியே டீக்கடையில் நின்றோம். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்த எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜர் என்னைப் போனில் அழைத்தார்; அவர் குரல் பக்கத்தில் நின்ற கணவருக்கும் கேட்டது. "மேடம், மூணும் உள்ள வந்துட்டு. அடுத்த வருசத்துக்கும் நீங்களே ஓட்டுங்க. சரின்னு யாரு சொல்லணும், நீங்களா சாரா?"

நான் போனைக் கணவரின் காதில் வைத்தேன். அவருடைய இடது கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் போனை வாங்கிக்கொள்ளாமல், என்னையே பிடிக்க விட்டுச் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுதோம்."