அலவாங்கில் தட்டுப்பட்ட சீனச் சாடி

போன கிழமை எங்கள் வளவில் ஒரு சத்தம் கேட்டது. 'ணங்!'

யானை பிடுங்கி எறிந்த வேலிக்கட்டையை ஒரு முழம் தள்ளித் திரும்ப நட, அலவாங்கால் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுசுட்டானில் மண்ணுக்குள் 'ணங்' என்றால் யாரும் அடுத்த குத்துக் குத்தமாட்டார்கள். நானும் அப்படியே நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்: "அசையாதேங்கோ! உயிரோட இருக்கிறியளோ?"

அசையாமலே "ஓம்" என்றேன்.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்தார்கள். ஓர் இரும்புச் சட்டி. அதன் கீழே உரப்பையில் சுற்றிய சாடி. பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம், சுற்றிவரப் பறவைகள், அடியில் சீன எழுத்து. "வெடிக்காது அண்ணை, பூ வையுங்கோ" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

படமெடுத்துக் கனடாவிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். அங்கே தொடங்கியது வில்லங்கம்.

"அத்தான், பழைய சாமான் விக்கிற ஒருத்தருக்குக் காட்டினனான். பழைய சீனச் சாடியாம், நல்ல விலை போகுமாம்! ஆனா ஆரிட்டை இருந்து ஆரிட்டை வந்தது எண்டு கேக்கினம். பரம்பரைச் சொத்து எண்டு சொல்லுங்கோ, காணும்."

பரம்பரைச் சொத்தா? என் பரம்பரையில் ஒருவர்கூடச் சாடியில் பூ வைத்ததில்லை!

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுமாரிக்கு மேல் வைத்தேன் — விழுந்துவிடுமோ என்று பயம். குசினியில் வைத்தேன் — மனைவி விரட்டினாள். கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் குனிந்து குனிந்து பார்த்தேன். யாருடையது இது?

போரின் கடைசி இடம்பெயர்வில் எங்கள் வளவு நிறையச் சனம். சுமக்க முடியாததைத் தாட்டுவிட்டு அவர்களும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவுகூட இல்லை. யாருடையதோ ஒரு தையல் மெஷின் மட்டும் நடுவீட்டில் நின்றது. வன்னியில் யாருடைய பொருள் யாரிடம் என்று தேடப்போனால்… விடுங்கள்.

மனைவிதான் யோசித்துச் சொன்னாள்: "நீங்கள் தோண்டின மூலையில அப்ப கூடாரம் போட்டது மல்லாவி ராசாத்தி அக்காவெல்லோ?"

வெளிக்கிட்டேன். சாடி மடியில். பஸ் ஒவ்வொரு குழியில் விழும்போதும் நெஞ்சு பக்கென்றது.

சாடியைக் கண்டதும் ராசாத்தி அக்கா முற்றத்திலேயே குந்திவிட்டார். "ஐயோ தம்பி, கிடைச்சிட்டுதே!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அப்பாடா! "அப்ப இது உங்கடதானே அக்கா?"

"இல்லையப்பன். எங்கட இல்லை."

தலையில் கைவைத்தேன்.

"கிளிநொச்சியால ஓடி வரேக்க ஒரு வீடு திறந்து கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். தண்ணி அள்ள ஒரு ஏனமில்லை. மேசையில இது இருந்தது, எடுத்திட்டன். பிறகு குடுப்பமெண்டுதான் உங்கட வளவில தாட்டனான். திரும்பி வந்தா அங்க வேலியுமில்லை, மரமுமில்லை. எங்கையெண்டு தோண்டுறது? உங்களிட்டைக் கேக்கவும் வெக்கம்."

"வீட்டுக்காரர் இருக்கினமோ?"

"ஓம், இருக்கினம். பச்சை கேற் வீடு. பஸ் அந்த வீட்டைக் கடக்கேக்க நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போவன்."

சீனாவிலிருந்து கிளிநொச்சிவரை இந்தச் சாடி எப்படி வந்ததோ, அது வியாபாரியின் கவலை. கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்த தூரம்தான் இந்த மனுசியை இத்தனை வருசமாக அரித்திருக்கிறது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "எங்கட வீட்டையும் ஆரோ ஒரு சாமான் விடாமல் துடைச்சுக்கொண்டுதான் போனாங்கள் தம்பி. அவங்களை ஏச வாய் திறந்தா, இந்தச் சாடி வந்து என்ர வாயைப் பொத்தும். நில்லுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன். இண்டைக்கே போய்க் குடுப்பம். குடுத்திட்டு வந்து வாய் நிறைய ஏசப்போறன்!"

குடுத்து முடியும்வரை எங்கே பொறுத்தார்… கிளிநொச்சி பஸ்ஸில் சாடியை மடியில் வைத்ததுமே ஏசத் தொடங்கிவிட்டார்!