போனைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறவர். அவருடைய சொத்து எது என்று கேட்டால் படகையோ வலையையோ காட்டமாட்டேன். ஒரு பழைய போனைத்தான் காட்டுவேன். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். இத்தனை வருஷமாக அவர் தேடிக் கண்ட பார்கள் எல்லாம் அந்தப் போனின் மேப்பில் புள்ளி புள்ளியாக இருந்தன. யாரிடமும் சொல்லமாட்டார். தனிப் படகு வைத்திருக்கிற கூடப்பிறந்த தம்பியிடமும் சொல்லமாட்டார். என்னிடமும் சொன்னதில்லை.

அந்தப் போன் நடுக்கடலில் காலை வாரிவிட்டுக்கொண்டிருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேப்பைத் தானே மூடிவிடும். எதை மாற்றி வைத்தாலும் இரண்டு நாளில் பழைய குணம். கம்பெனிக்காரன் உள்ளே போட்டு அனுப்பிய விளையாட்டுகளை அழிக்கவும் முடியாது. "நாம காசு குடுத்து வாங்குன சாமான், ஆனா எவன் பேச்சையோ கேக்குது" என்பார். அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அது.

நான் துறைமுகத்துக்குப் போகிற சரக்குகளுக்குத் தாள் டைப் அடிக்கிறவள். கம்ப்யூட்டரை யாரும் சொல்லித்தரவில்லை. தட்டித் தட்டிப் படித்ததுதான். பூட்டைத் திறந்து போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்குக் கொண்டுவருவதற்கு ரூட் பண்ணுவது என்று பெயர். என் பழைய போனில் இரண்டு தடவை செய்து பார்த்திருந்தேன். "நான் செய்யுதேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கேபிளை மாட்டினேன். பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழியும் என்று போனே எச்சரித்தது.

"இங்கேருங்க, புள்ளி எல்லாத்தையும் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

"எழுதுனா எவன் கண்ணுலயாவது படும்லா."

"அப்ப நான் தொட மாட்டேன்." கேபிளைக் கழற்றினேன்.

அரை மணி நேரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டிப் பார்க்கிறவன் ஏமாறட்டும் என்று பார்களுக்கு மளிகைச் சாமான் பெயர் வைத்திருந்தார்: சோப்பு, கடுகு, சீரகம். ஒவ்வொரு புள்ளிக்கும் மேப் காட்டுகிற எண்களை அவர் மெல்லச் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன். நடுவில் ஒன்று, மாமியார் வீடு.

"இது என்ன பேரு?"

"எப்பப் போனாலும் வயிறு நெறையும்லா."

என் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் தந்ததில்லை.

பூட்டைத் திறந்தேன். எல்லாம் அழிந்தது. அடுத்த படியில் நான் தப்பு செய்தேன். இறக்கி வைத்திருந்த கோப்பை ஏற்றியதும், கம்பெனிப் பெயர் மட்டும் வந்து வந்து போனது, போன் எழவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் வந்தார்.

"மைனி, அண்ணன் இனி இதக் கயித்துல கட்டி நங்கூரமாப் போடலாம்."

விடிந்தால் வீட்டுக்காரர் கடலுக்குப் போக வேண்டும். தேடிப் பார்த்ததில், அந்தக் கோப்பு அதே பெயரில் வெளிநாட்டில் விற்கிற போனுக்கானது. நல்லவேளை, கம்பெனியின் அசல் கோப்பை முன்பே எடுத்து வைத்திருந்தேன். அதை ஏற்றியதும் போன் எழுந்தது. சரியான கோப்போடு மறுபடி செய்து, மேப்பை மூடுகிற குணத்தை நிறுத்தி, அந்த விளையாட்டுகளையும் அழித்தேன். நாலு மணிக் காப்பிக்கு வேலை முடிந்தது. நோட்டைப் பார்த்துப் புள்ளிகளைத் திரும்ப ஏற்றினேன். ஒன்று விடாமல் அவர் சரிபார்த்தார்.

நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். பூட்டுத் திறந்த போனில் அவருடைய பேங்க் ஆப் திறக்க மறுத்துவிட்டது. அது என் போனுக்கு வந்தது. இனி ரிப்பேர் என்றால் கம்பெனி கைவிரித்துவிடும். கண்டதையும் ஏற்றக் கூடாது, யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் கறாராகச் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டி நிறைய மீனோடு வந்தார். மேப் ஒரு தடவைகூட மூடிக்கொள்ளவில்லையாம். அந்த நோட்டு இன்றும் பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அவருக்கு அடுத்து அந்த இடங்கள் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அந்த வாரமே கொழுந்தனார் தன் போனை நீட்டினார். "மைனி, எனக்கும் இதே மாதிரி ஆக்கித் தாங்க."

"அதுக்கென்ன கொழுந்தனாரே, உக்காருங்க. மொதல்ல ஒங்க பார் எல்லாத்தையும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். போன் சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது.

"வேண்டாம் மைனி," என்றார். "எம் போன் நல்லாத்தான் ஓடுது."