சிலுவை இல்லாத நாற்பத்து மூன்று சீட்டுகள்

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அஜின்கோர்ட்டிலுள்ள தமது அலுவலகத்தில், சட்டத்தரணி நிரூபா, அகஸ்ரின் என்பவரை முதன்முதலாகச் சந்தித்தார். சன்னல் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அகஸ்ரின், புலம்பெயர்ந்த மன்னார் மக்களின் ஊர்ச் சங்கமொன்றுக்குப் பொருளாளர். அச்சங்கத்தின் பெயரில் நாற்பத்து மூன்று பொய்யான நன்கொடைப் பற்றுச்சீட்டுகளை வழங்கி, பிறர் வரி ஏய்க்க உதவினார் என்று சமஷ்டி அரசு அவர்மீது வழக்குத் தொடுத்திருந்தது. குற்றவாளி எனக் காணப்பட்டால், எழுபத்தொரு வயதில் சிறை.

“கையெழுத்து உங்கடைதானே, அங்கிள்?”

“ஓம் பிள்ளை, என்ரைதான்.”

மறைப்பவர்களையே பார்த்துப் பழகிய நிரூபா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஊருக்கு, மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகேக்கை, வெறும் சீட்டுகளிலை கையெழுத்து வைச்சுச் செயலாளரிட்டைக் குடுத்திட்டுப் போனனான். செத்தவையின்ரை பேரிலை காசு குடுக்கிற சனத்தை இரண்டு மாதம் காக்க வைக்கலாமே?”

“வெறும் சீட்டிலையோ? அதுக்கு வீட்டுத் திறப்பையே குடுத்திட்டுப் போயிருக்கலாம்!”

“அதையும் அவனிட்டைத்தான் குடுத்தனான்.”

அந்தச் செயலாளர் இப்போது நாட்டிலேயே இல்லை.

அரச தரப்பு அனுப்பிய சங்கத்துப் பற்றுச்சீட்டுப் பிரதிகளை நிரூபா ஒவ்வொன்றாகப் புரட்டினார். வழக்கில் சேராத சீட்டுகளின் மேல்விளிம்பில் மட்டும் கடுகளவில் ஏதோ ஒரு கீறல் இருந்தது. அடுத்த சந்திப்பில் அதைச் சுட்டிக்காட்டினார்.

“உது என்ன, அங்கிள்?”

“சிலுவை, பிள்ளை. எழுதத் தொடங்க முதல் போடுறது. சின்னனிலை கன்னியாஸ்திரிமார் பழக்கினது.”

“வழக்குச் சீட்டுகளிலை மட்டும் ஏன் இல்லை?”

“அதுகளிலை நான் ஒண்டும் எழுதேல்லையே. எழுதுறவன்தானே போடவேணும்?”

நிரூபாவை ஆவல் பற்றிக்கொண்டது. அகஸ்ரின் வீட்டுக் காகிதங்களையெல்லாம் கேட்டு வாங்கினார். மனைவி பேர்ணடெற் சொல்லச் சொல்ல எழுதிய மரக்கறிப் பட்டியலிலும் சிலுவை. பல் வைத்தியரின் படிவத்திலும் சிலுவை. முதல் நாள் தம் மேசையிலேயே அவர் நிரப்பித் தந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் இருந்தது. அன்று அது நிரூபாவின் கண்ணில் படவே இல்லை.

அந்தக் காகிதங்களை நிரூபா நீதிமன்றத்தில் முன்வைத்தபோது, “பொய்ச் சீட்டில் சிலுவை போட மனம் கூசியிருக்கும்” என்று அரச தரப்பு வாதிட்டது. ஆனால், அச்சீட்டுகளில் பெயரையும் தொகையையும் எழுதிய கை வேறு என்று கையெழுத்து நிபுணர் சாட்சி கூறினார். பல சீட்டுகளில் இருந்த தேதிகளில் அகஸ்ரின் நாட்டுக்கு வெளியே நின்றதைக் கடவுச்சீட்டு காட்டியது. கவனக்குறைவுக்காக அவரைக் கண்டித்த நீதிபதி, மோசடியை அவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயம் இருப்பதாகக் கூறி விடுதலை செய்தார்.

மறுவாரம், மீதிக் கட்டணத்துடனும் பேர்ணடெற் பொரித்த மீன் கட்லற்றுடனும் அகஸ்ரின் வந்தார். நிரூபாவுக்கு வேறொரு வழக்குக்கு நேரமாகிவிட்டது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்து, அவசரமாகக் கையெழுத்திட்டு, உதவியாளரிடம் நீட்டினார்.

“துர்க்கா, மிச்சத்தை நிரப்பி அங்கிளிட்டைக் குடும்.”

அகஸ்ரின் இடையில் கையை நீட்டி அப்புத்தகத்தை வாங்கி, நிரூபாவின் முன்னாலேயே திரும்ப வைத்தார்.

“உதைக் கிழிச்சுப்போட்டு வேறை ஒண்டு எழுதுங்கோ, பிள்ளை. கையெழுத்துக் கடைசியிலை.”