அப்பாவின் விரலை மதிக்காத கண்ணாடி

உள்ளங்கையில் வைத்ததும் ஜில்லென்றிருக்கும் அந்தப் பாட்டுப்பெட்டியின் முதுகு. முகம் பார்த்துத் தலைசீவும் அளவுக்குப் பளபளப்பு, முன்புறம் முழுவதும் தொடுகண்ணாடி, விளிம்பில் ஒரேயொரு பொத்தான். சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் வேலைசெய்த அக்கா, கல்யாணமாகி ஜோகூருக்குப் போகும்போது, பாட்டுகளுக்கு நடுவே தன் குரலையும் பதிந்து, சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து வீட்டில் அப்பாவிடம் அதை விட்டுப்போனாள். "அப்பா, சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அப்பா பெட்டியைக் கையிலெடுப்பார். பொத்தானை அமுக்கினால் ஏதோ ஒரு பாட்டு ஓடும். வேண்டியதைப் பொறுக்கக் கண்ணாடியைத் தொட வேண்டும். பால்மரம் வெட்டி வெட்டித் தோல் தடித்துப்போன அவர் விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. தொட்டால் வெடித்துவிடும் என்று அம்மா கிட்டேயே வரமாட்டார். "தம்பி, வாடா, ஒன் 'ஜாரி'யக் குடு" என்று அப்பா என் விரலைக் கூப்பிடுவார். வேறெதற்கும் உதவாத எனக்கு அப்படியொரு பதவி. கடையிலிருந்து "ரொட்டி சானாய்" பரோட்டா வந்தால்தான் தொடுவேன் என்று பெரிய அதிகாரிபோல நடந்துகொண்டேன்.

அலோர் ஸ்டாரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது, நானில்லாமல் அப்பா அக்காவின் குரலை எப்படிக் கேட்பார் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. விடுமுறைக்கு வந்தால், என் விரலை யாரும் தேடவில்லை.

"ஒங்கப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடா," என்றார் அம்மா. "அதைப் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்குறாரு, போய்ப் பாரு."

குலுக்கினால் அதுவாகவே வேறொரு பாட்டுக்குத் தாவும் வசதி பெட்டியில் இருந்திருக்கிறது. பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகையில், செம்மண் சாலைப் பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் இறங்கி ஏறியபோது அப்பா அதைக் கண்டுபிடித்தாராம். எது வரும் என்றுதான் சொல்ல முடியாது. ஒரு காதல் பாட்டு வந்தது, குலுக்கினார். சாமி பாட்டு வந்தது. "மன்னிச்சுக்க முருகா" என்று அதையும் குலுக்கித் தள்ளினார். பிறகு அக்கா. கை அப்படியே நின்றது.

"போட்டுட்டேம்மா," என்றார் பெட்டியிடம்.

"இனிமே அக்கா குரல நானே தேடி எடுத்துத் தரட்டுமாப்பா?"

"வேணாம் லா. அதுவா வந்து கேக்குறப்பதான், புள்ள பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு."

மின்கலம் உப்பிக் கண்ணாடி பிளந்து அந்தப் பெட்டி எப்போதோ போய்விட்டது. பாட்டுக்கென்றே ஒரு பெட்டி வேண்டுமென்றால் இன்று கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பால்மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. வேலையை விட்ட அப்பாவின் விரல்கள் மெத்தென்றாகி, கைப்பேசி அவர் தொட்டதுமே பணிகிறது. தினமும் அதில் முகம் காட்டி அக்கா மாத்திரையைப் பற்றிக் கேட்கிறாள்.

"எத்தன வாட்டி கேப்ப? போட்டாச்சு லா, வை!" என்று அப்பா சலித்துக்கொள்கிறார்.

வைத்த பிறகுதான் மாத்திரையைத் தேடுகிறார்.