அக்கா கொண்டுவந்த பம்பு வண்டி

கர்த்தர் எங்கள் அக்காவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு இந்தப் பங்குனியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு நாள் ஆராதனைக்கு வரும் உறவினர்களும் சிநேகிதர்களும் வாங்கிப் படிக்கும் இம்மலரில் அக்காவின் வாழ்க்கையை நான் எழுதவேண்டுமென்று அவர்களுடைய மக்கள் கேட்டுக்கொண்டார்கள். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். எழுதத் தெரிந்தவளும் நான்தான். ஆனால் அக்காவைப் பற்றி எழுத நான் தகுந்தவளா என்பதை, முழுவதும் படித்தபிறகு நீங்கள் சொல்லவேண்டும்.

அக்கா விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் ஒரு குடிசையில் பிறந்தார்கள். ஆறு வருஷம் கழித்து நான் பிறந்தேன். எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா காலராவில் இறந்துபோனார்கள். வேலூரில் மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகப் போதகர் ஐயா வந்து சொன்னபோது, அப்பா அக்காவைத்தான் அனுப்ப நினைத்தார். அக்கா, "பாப்பா போகட்டும்பா. நான் போய்ட்டா உனக்கு யார் சோறாக்கறது?" என்றார்களாம்.

இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் அக்காவைப் புகழ்வார்கள். ஒரு வருஷம் நான் வகுப்பில் முதலாவதாக வந்து, பரிசாகக் கிடைத்த வேதபுஸ்தகத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் உங்க அக்கா விட்டுக்கொடுத்ததால வந்தது" என்றார். இரவெல்லாம் படித்தவள் நான். புகழ் அக்காவுக்கு. அன்று என் மனதில் விழுந்த பொறாமை நாற்பது வருஷம் அணையவில்லை.

அக்கா ஆம்பூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டார்கள். மாமா அங்கே தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். நான் பயிற்சி முடித்ததும் மிஷனார் என்னை அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வேறு ஊர் கேட்டேன், கிடைக்கவில்லை.

ஊரில் எல்லாம் கூரை வீடுகள். தெருக்கோடியில் தோல் பதனிடத் தேவையான ஆவாரம்பட்டை மலைபோலக் காய்ந்து கிடக்கும். நான் வந்த வருஷம் சித்திரை வெயிலில், உச்சிவேளையில், அக்காவின் தெருவிலிருந்த மங்கம்மாவின் வீட்டு அடுப்பிலிருந்து கூரையில் தீப்பிடித்தது. ஆண்கள் எல்லாரும் ஷாப்பில். பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு கிணற்றுக்கு ஓடினார்கள், ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். நான்கு வீடுகள் போயின. நடக்கமுடியாமல் உள்ளே படுத்திருந்த மங்கம்மாவின் மாமியாரை வெளியே கொண்டுவர முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா தெருப்பெண்களைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்கள். "நாம எல்லாரும் ஓட்றோம். பாதி தண்ணி வழியிலயே போயிடுது. இனிமே ஒருத்தியும் ஓடக்கூடாது. நின்ன எடத்துல நின்னு கை மாத்தணும்" என்றார்கள். கிணற்றிலிருந்து தெருக்கோடிவரை வரிசை நிறுத்தினார்கள். ஒரு கை நிறைகுடம் வாங்க, மறு கை வெறுங்குடம் திருப்ப. சனிக்கிழமை தோறும் சாயங்காலத்தில் இந்தப் பழக்கம் நடந்தது. ஷாப்பிலிருந்து வரும் ஆண்கள் நின்று சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. உங்க வூடுதான் அடுத்தது" என்பார்கள் அக்கா. சிரிப்பு நின்றுவிடும்.

என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை உட்காரவைக்க எனக்குத் தொண்டை வற்றும். எழுத்தறியாத அக்கா கையை உயர்த்தினால் அறுபது பெண்கள் அசையாமல் நிற்பார்கள். இந்து வீட்டுப் பெண்களும் நிற்பார்கள், எங்கள் சபைப் பெண்களும் நிற்பார்கள். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மண்குடங்கள் கைமாறும்போது உடைந்தன. இரும்பு வாளி வேண்டும். கோவிலுக்காக வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கும் பிடி அரிசியைக் கொஞ்ச காலம் வாளிக்குத் தரவேண்டுமென்று அக்கா போதகரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார். "கோயிலுக்கும் கூரைதானுங்க ஐயா" என்றார்கள் அக்கா. அரிசி ஆம்பூர்ச் சந்தைக்குப் போயிற்று, வாளிகள் வந்தன. அடுத்த சேதி ஷாப்பு முதலாளி சாயபுவிடமிருந்து வந்தது. "எங்க வேலூர்க் கிடங்குல தீயணைக்கறதுக்குக் கையால அடிக்கிற பம்பு வண்டி ஒண்ணு சும்மா கெடக்குது. ஜாஸ்தி ரிப்பேர் இல்ல. மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

அக்கா என்னிடம் ஓடிவந்தார்கள். "உன் எழுத்து முத்து மாதிரி இருக்கும். நல்லா எழுது பாப்பா" என்றார்கள். நன்றாகவே எழுதினேன். நடந்த தீயையும் இறந்த கிழவியையும் பெண்களின் வரிசையையும் எழுதினேன். அக்காவின் பெயரை மட்டும் எழுதவில்லை. 'இப்படிக்கு' என்று போட்டு, என் பெயரையும் பள்ளிக்கூட ஆசிரியை என்பதையும் எழுதினேன். அக்கா மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றிக்கொண்டு, "நான் எங்க வெக்கணும்?" என்று கேட்டார்கள்.

"வேண்டாம்க்கா. ரேகை வெச்சா மனு நல்லா இருக்காது."

"அப்படியா" என்று சொல்லி, விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வண்டி வந்தது. நான்கு சக்கரம், இருபுறமும் நீளப் பிடி, பக்கத்துக்கு நான்கு பேர் நின்று அடிக்கவேண்டும். தண்ணீர் போகும் குழாய் மட்டும் இல்லை. மாமாவும் ஷாப்பு ஆட்களும் எருமைத்தோலை மடித்துச் செம்பாணி அடித்துக் குழாய் செய்து தந்தார்கள். சாயபு மனுவை ஊரார் முன் வாசிக்கச் சொன்னார். பிறகு, "யார் எழுதினாங்களோ அவங்க பொறுப்புலயே இருக்கட்டும்" என்று வண்டியைப் பள்ளிக்கூடக் கொட்டகையில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்காதான் உரக்கத் தட்டினார்கள்.

அதுமுதல் பெண்கள் பழக்கத்துக்கும், குழாய்க்குப் புங்கெண்ணெய் தடவவும் என்னிடம் வந்து சாவி கேட்டு நின்றார்கள். சில சனிக்கிழமைகளில் வேலையே இல்லாதபோதும், "இன்னிக்கு நேரமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அக்காவும் கேட்டுத் திரும்பிப்போவார்கள். அதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது. எழுத வெட்கமாயிருக்கிறது, இருந்தாலும் இருந்தது.

மறு கோடையில், கூடப் படித்த ஒருத்தியின் கலியாணத்துக்குச் சத்துவாச்சாரிக்குப் புறப்பட்டேன். அக்கா வாசலுக்கு வந்தார்கள்.

"வெயில் காலம் பாப்பா. சாவியக் குடுத்துட்டுப் போ."

"என் பொறுப்புல இருக்கறது. தொலைஞ்சா யார் பதில் சொல்றது?"

"நான் எங்க தொலைக்கப்போறேன்?"

"நாளைக்கு வந்துடுவேன்க்கா."

நான் கலியாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது ஆவாரம்பட்டைக் குவியல் பற்றிக்கொண்டது. காற்றில் பொறி பறந்து தெருவுக்கு வந்தது. பெண்கள் உடனே வரிசை கட்டி நின்றார்கள்; ஆனால் வாளித் தண்ணீர் போதவில்லை. அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். நல்ல தேக்குக் கதவு. அதை உடைக்கிற நேரத்தில் மூன்று வீடுகள் எரிந்தன. ஒன்று மங்கம்மா புதிதாக வேய்ந்த வீடு. கதவு நிலை பெயர்ந்து அக்காவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. அந்தக் கையை முந்தானையால் கட்டிக்கொண்டு, இடது கையால் பிடியை அடித்தார்களாம். பம்பு ஓடியபிறகு மற்ற வீடுகள் தப்பின. ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் நான் வந்தபோது அக்கா கைக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "உன்ன கேக்காம கதவ ஒடச்சிட்டேன் பாப்பா. சாயபு உன்ன இன்னா சொல்வாரோ" என்றார்கள்.

நான் "பரவாயில்லை" என்றேன். மன்னிக்கவேண்டியவள் நான் என்பதுபோல அந்தச் சொல்லைச் சொன்னேன். அதன்பிறகு கொட்டகைக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. அக்காவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. இந்நாள்வரை நான் எங்கேயிருந்தேன், சாவி எங்கேயிருந்தது என்று ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. வண்டியைப் பற்றிப் பேசும்போது 'உங்க அக்கா வண்டி' என்றார்கள். உண்மை அதுதான் என்று தெரிந்தும் என் வயிறு எரிந்தது.

பிறகு அக்கா மூன்று மக்களையும் ஆளாக்கினார்கள். மாமா போனபின் ஷாப்பில் பட்டை இடிக்கும் வேலைக்கும் போனார்கள். சனிக்கிழமை வரிசையை ஒருபோதும் விடவில்லை. போன வருஷம் மாசியில் மார்ச்சளி பிடித்துப் படுத்தார்கள். நான் கூட இருந்து கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் காலையில் தெளிவாயிருந்தார்கள். என்னையும் அறியாமல் என் வாய் திறந்தது.

"அக்கா, அந்த மனுவிலே உன் பேரை நான் போடலை."

"தெரியும். சாயபு படிக்கச் சொன்னப்ப கேட்டுக்கினுதானே இருந்தேன்? என் பேருக்கு யார் வண்டி குடுப்பாங்க? அது கெடக்கட்டும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார்கள். "ஆனா சாவி எடுத்துக்கினு போனே பாரு, அது கோவம்தான். மங்கம்மா வூடு எரிஞ்சிருக்காது. இன்னும் கோவம் இருக்குது."

நான் அழுதேன். அக்கா என்மேல் கோபப்பட்டு ஒரு வார்த்தை சொன்னது வாழ்க்கையில் அன்றுதான். அதுவரை அவர்களை நேருக்குநேர் பார்க்க முடியாதிருந்தது; அன்று பார்த்தேன். "கஞ்சி ஆறிடப்போவுது, குடு" என்றார்கள். ஐந்தாம் நாள் உறக்கத்தில் கர்த்தரிடம் சேர்ந்தார்கள்.

நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், அடக்கத்தன்று ஷாப்புக்கு விடுமுறை விட்ட சாயபு குடும்பத்தாருக்கும், கல்லறைவரை பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்த வரிசைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தார் அனைவருடைய நன்றி.

மங்கம்மாவுக்கு என் நன்றி தனி. போன ஐப்பசியில் ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டபோது பெண்கள் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, குரல் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். தீ அணைந்தது. மங்கம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க டீச்சரம்மா. ஆனா உங்க அக்கா மாதிரி வராது" என்றார்.

நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. "ஆமாம் மங்கம்மா, வராது" என்றேன். நாற்பது வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.