காசிமேட்டில் பழகிய பனி

வடக்கு என்று சொன்னால் எங்கள் தெருவில் கை நீளும் திசை, அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கிற திசை. எண்ணூர், அதற்கப்பால் வள்ளூர், மீஞ்சூர். அதற்கும் வடக்கே ஒரு வடக்கு இருக்கிறது, அங்கே பனி உருகி, உருகிய தண்ணீர் கல்லுக்குக் கல் தாவி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பில் போடுகிறவள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் இமயத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கைப் பார்ப்பாள். ஆளில்லாத மலை, ஆளில்லாத ஆறு. அந்த மலைகளும் சாம்பல் நிறம்தான். ஆனால் அந்தச் சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் உட்காருவதில்லை.

“யோவ், வாசனையே இல்லாத காத்து எப்டிய்யா இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள். சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள். எர்ணாவூரில் பிறந்து எர்ணாவூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். காற்றைப் பற்றி நான் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். வாசனையே இல்லாத காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

“போய்ப் பாத்துடலாமே,” என்றேன்.

எனக்கும் கால் ஒரு இடத்தில் தரிக்காது. போகிற ரயிலைப் பார்த்தால் ஏறத் தோன்றும், நிற்கிற கப்பலைப் பார்த்தால் அது ஏன் நிற்கிறது என்று கோபம் வரும். ஆகவே ஆசை அவளுடையது, அவசரம் என்னுடையது என்று ஆயிற்று.

இருமல் அவளுக்குப் பழையது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கூடும். பங்குனியில் காற்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் குறையும். அப்போது எங்கள் புகை மீஞ்சூர்க்காரர்களுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் வசந்தம் என்றால் இவ்வளவுதான், நம் பங்கு புகையைக் கொஞ்ச நாள் வேறொருவர் குடிப்பது. அந்த வசந்தத்தில் பயிற்சி, அங்கே பாதை திறக்கிற வசந்தத்தில் பயணம் என்று முடிவு செய்தோம். ஸ்பிதியில் கூடாரம் போட்டு ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற ஒருவரிடம் போனில் பேசினோம். பட்டறையில் பீகார் பையன்களோடு பேசிப் பேசி அவளுக்கு இந்தி வரும். “தினமும் ஏற்றம் ஏறிப் பழகுங்கள்,” என்றார் அவர்.

ஏற்றத்துக்கு எங்கே போவது? கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டிய பாறைகள்தான் எங்களுக்கு வாய்த்த மலை. காலையில் அதில் ஏறி இறங்கினோம். அவள் நாலு கல் ஏறுவாள், உட்காருவாள். மறுபடி ஏறுவாள், உட்காருவாள். முட்டி வலி என்றாள். நம்பினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“இன்னா நைனா, ஜோடியா நண்டு புடிக்கிறீங்களா?”

“மலை ஏறப் போறோம்ணா.”

“அத்துக்கு மலைக்கில்ல போவணும்.”

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. அதையும் நான் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பயமெல்லாம் குளிர்தான். மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்தாத ஊர். வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அதைப் பிரித்து விற்கிற கடையில் ஆளுக்கொரு தடித்த ஜாக்கெட் எடுத்தோம். அவளுடையது யாரோ ஒரு நெட்டைக்காரியினுடையது; முழங்கால் வரை தொங்கியது. இது தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவள் தம்பி காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறான்.

“மாமா, தாங்குமா தாங்காதான்னு அங்க போயா பாப்பீங்க? நம்ம ஸ்டோர்ல வந்து குந்துங்க. தாங்குச்சுன்னா போங்க, இல்லாங்காட்டி கம்முனு வூட்ல இருங்க.”

மீன்பிடித் துறைமுகத்தை அண்டி வாழ்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகப் படாது. குளிர் என்றால் எங்களுக்கு ஐஸ். ஐஸ் என்றால் கம்பெனி. இமயமும் பெரிய கம்பெனி என்றே நினைத்திருந்தோம்.

ஞாயிறு காலை போனோம். படகுகளுக்கு ஐஸ் ஏற்றி முடித்த ஓய்ந்த நேரம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஐஸ் பார்கள் அடுக்கியிருந்தன. ஒற்றை பல்பின் வெளிச்சம் அவற்றுக்குள் இறங்கி, எங்கோ ஆழத்தில் நீலமாகத் திரும்பி வந்தது. கதவைச் சாத்தினான் தம்பி. அவள் மூச்சு விட்டாள். வெண்மையாகப் புகைந்தது. இன்னொரு முறை விட்டாள்.

“பாருய்யா, எம் மூச்சு கண்ணுக்குத் தெரியுது.”

அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பஞ்சைப் பிய்த்து ஊதுகிற குழந்தை மாதிரி ஊதி ஊதிப் பார்த்தாள். கொக்கியோடு நின்றிருந்த வேலையாள் ஒருவர், “இன்னாத்துக்கும்மா அவ்ளோ தொலவு போற? பனி லிங்கம் தானே பாக்கணும்? ஒரு பார் எடுத்து இங்கியே செதுக்கித் தரேன். மூணு சுத்து சுத்திட்டு வூட்டாண்ட போயி சோறாக்கு,” என்றார்.

“லிங்கம் பாக்கப் போவலண்ணா.”

“அப்ப வேற இன்னாத்த பாப்ப?”

“ஒன்னியும் இல்லாத எடத்த பாக்கப் போறேன்.”

அவர் தம்பியைப் பார்த்து, “உங்கக்கா நல்லாத்தானடா கீது?” என்றார். எல்லாரும் சிரித்தோம். குளிர் விரல் நுனியைக் கடித்தது, அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்நேரம் இயந்திர அறைப் பக்கத்துக் கதவை யாரோ திறந்தார்கள். அமோனியா. ஐஸ் உறையவைக்கிற வாயு, குழாய் இணைப்பில் எப்போதும் லேசாகக் கசிவதுதான். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது நாற்றமே இல்லை. எனக்குக் கண் எரிந்தது. அவளுக்கு மூச்சு நின்றது. இருமல் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய் திறந்திருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. ஐஸ் பாரைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்காரவைத்தான். ஜாக்கெட்டின் ஜிப் சிக்கிக்கொண்டது. நான் கிழித்தேன். அந்த வெயிலில், மீன் நாற்றத்தில், அவள் உதடு கறுத்திருந்தது.

ராயபுரத்தில் நெஞ்சு டாக்டரிடம் போனோம்; ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். இன்னும் பலமாக என்றார்கள். அதுவே அவளுடைய பலம். வீட்டில் யாராவது பீடி, சிகரெட்? இல்லை. விறகு அடுப்பு? இல்லை. எந்த ஏரியா என்றார் டாக்டர்.

“எர்ணாவூர் சார்.”

அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

மலை கிடையாது, இந்த ஆண்டும் இல்லை, எந்த ஆண்டும் இல்லை என்றார். உயரத்தில் ஆரோக்கியமானவர்களுக்கே மூச்சு திணறும். “முடிஞ்சா வீட்டை மாத்துங்க.” நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அவளுடைய அம்மா, என்னுடைய அப்பா, தம்பி குடும்பம், எல்லாரும் கூப்பிடு தூரத்தில். மாற்றுவது என்றால் எதை எதையெல்லாம் பெயர்த்தெடுப்பது? வெளியே வந்து எர்ணாவூர் பஸ்ஸுக்கே நின்றோம்.

வரவில்லை என்று சொல்ல ஸ்பிதிக்காரருக்கு அவளேதான் போன் போட்டாள். அவர் வருத்தப்பட்டார். கீழே சமவெளிக்குப் போய்த் திரும்பினால் தனக்கே இரண்டு நாள் மூச்சு இளைக்கும், அங்கே காற்று அவ்வளவு மெலிசு என்றாராம். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

“இங்க காத்து கெட்டியாம், அங்க லேசாம். நமக்குன்னு நடுவுல ஒன்னு வெச்சிருக்கக் கூடாது?”

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். நான் மட்டுமாவது வரலாமே என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார் அவர். என் கால்கள் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டன; எனக்கே தெரிந்தது. இல்லை, நானும் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. “உன்ன யாருய்யா வேணாம்னு சொல்லச் சொன்னது? பெரிய தியாகி. நீயாவது போயி ஒரு வாட்டி நல்லா மூச்ச இஸ்துட்டு வந்திருப்பல்ல.”

“நான் இஸ்தா உனக்கு வருமா?”

“வந்து சொல்லியிருப்ப. எத்த எத்தையோ எழுதுற. அத்தச் சொல்ல மாட்டியா?”

என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். கத்தியதில் அவளுக்கு மறுபடி இருமல் கிளம்பியது. அது அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அடங்கியது. மருந்தை எடுத்து வர எழுந்தேன். மறுபடி தொடங்கியது.